பவழவல்லி புருஷன் வந்த கதை

கொஞ்சம் நகந்து உக்காரு தாயி. உன் பையக் குடு, என் மடியில வச்சுக்கிடுதேன். நீ போன்ல பேசினதெல்லாம் காதுல விழுந்துது. வேணும்னு ஒட்டுக் கேக்கல, பஸ்ஸுல பக்கத்துல உக்காந்தா விழத்தான செய்யும். சீரியலுன்ன, எபிசோடுன்ன, சேனல்ல சொல்லிட்டாங்கன்ன. அப்போ நீ டிவியிலயா வேலை பாக்க? கீழ எழுத்து ஓடுமே, அத எழுதுறவளா? எந்த வேலையா இருந்தா என்ன, அந்தக் கட்டடத்துக்குள்ளதான போயிட்டு வார. உன்னை மாதிரி ஒரு ஆளத்தான் நான் நாலு மாசமாத் தேடிக்கிட்டிருக்கேன்.

மெதுவாப் பேசு. அந்தா, நமக்கு முன்னால மூணாவது சீட்டுல, ஜன்னலோரமா, பச்சைச் சேலை, தலையில பிச்சிப்பூ, தெரியுதா? அவ பேரு முப்பிடாதி. எங்க தெருதான். நாங்க ரெண்டு பேரும் சேந்துதான் போறோம், எடம் கெடைக்காம பிரிஞ்சு உக்காந்திருக்கோம். நாம பேசுறது அவளுக்குக் கேக்கக் கூடாது. அவ வாழ்க்கைய உங்க டிவிக்காரன் பாழாக்கிட்டான். ஆமா. சும்மா சொல்லல. முழுசாக் கேளு, கேட்டுட்டு உங்க ஆபீசுல அந்தக் கதை எழுதுனவன் மூஞ்சிக்கு நேரா நீ நாலு வார்த்தை கேக்கணும். திருச்செந்தூரு போயிச் சேர இன்னும் ஒரு மணி நேரம் கெடக்குல்லா.

எங்க ஊரு ஆலங்குளத்துக்குப் பக்கம். பொம்பளைய பூராவும் பீடிதான் சுத்துவோம். கடையில இலையும் தூளும் வாங்கிட்டு வந்து, இலைய வெட்டி, சுத்தி, மடக்கி, கட்டாக்கி, சாயங்காலம் கொண்டு போயிப் போடணும். கையும் கண்ணும் தட்டுலயே இருக்கணும். காது மட்டும் சும்மாத்தான கெடக்கு? அந்தக் காதுக்குத்தான் நான்.

ரேஷன் கடைச் சுவத்து நெழல்ல ஆறேழு பேரு தட்ட மடியில வச்சு உக்காருவோம். முந்தின நாள் டிவியில ஓடுன பவழவல்லி சீரியல நான் மறுநாள் காலையில சொல்லுவேன். கதை சொல்லும்போது என் கை நின்னுரும். எனக்குக் கையில உசுரு இருந்தா வாயில இருக்காது, வாயில இருந்தா கையில இருக்காது. அதுக்கு அவளுவளே ஒரு ஏற்பாடு பண்ணிக்கிட்டாளுவ. ஆளுக்கு ஒரு கட்டு சுத்தி என் தட்டுல போட்டுருவாளுவ. யாரும் பேசி வைக்கல. அதுவா வந்த பழக்கம்.

எல்லாரு வீட்டுலயும் டிவி இருக்கே, பொறவு நீ எதுக்குச் சொல்லணும்னு கேக்க. நல்லாக் கேட்ட. பாத்தவளுவதான் முதல்ல வந்து உக்காருவாளுவ. "அக்கா, பாக்கதுக்குச் சப்புன்னு இருந்துது, நீ சொல்லு கேப்போம்"பாளுவ. நான் டிவியில வந்தத அப்படியே சொல்லுற ஆளு இல்ல, பாத்துக்கோ. கொழம்புல உப்பு பத்தலன்னா போட்டுத்தான எறக்கணும்?

நீ பவழவல்லி பாத்ததில்லையா? நல்லா இருக்கே, டிவியில வேலை பாத்துட்டு. கடலரசன் மக பவழவல்லி. முத்துவேந்தன்னு ஒரு மனுஷப் பயலக் கட்டிக்கிட்டா. கல்யாணம் முடிஞ்ச மூணாம் நாளு, காரிருளின்னு ஒரு சூனியக்காரி அவனக் கடலுக்கு அடியில தூக்கிட்டுப் போயி ஏழு கதவுக்கு அந்தப் பக்கம் பூட்டி வச்சிட்டா. இவ ஒவ்வொரு கதவாத் தொறந்துக்கிட்டே போவணும். ஒரு கதவத் தொறக்க ஆறு மாசம், ஏழு மாசம். இப்படியே நாலு வருஷம் ஓட்டுனானுவ.

அதுல ரெண்டாவது வருஷம் அந்த முத்துவேந்தனா நடிச்ச பையன் சினிமாவுக்குப் போயிட்டான். அதோட முத்துவேந்தன் மூஞ்சியையே காட்டல. பவழவல்லி 'சுவாமீ'ன்னு கத்துவா, அந்தப் பக்கத்துல இருந்து 'ம்'ன்னு ஒரு சத்தம் வரும். அந்த 'ம்'மும் வேற எவன் கொரலோ. நான் என்ன செய்ய? புருஷன் இல்லாத கதைய எப்படிச் சொல்ல? ஒரு புறாவ விட்டேன். அந்தப் புறா கால்ல ஓலையக் கட்டி முத்துவேந்தன் சேதி அனுப்புவான். வாரம் ஒரு ஓலை.

எங்க கூட்டத்துல லூர்துன்னு ஒருத்தி, அவ வாயி சும்மா இருக்காது. "யக்கா, கடலுக்கு அடியில புறா எப்படிப் பறக்கும்?"ன்னு கேட்டா.

"ஏட்டி, மந்திரப் புறா அது. உன் வீட்டுக் கூரையில எச்சம் போடுற புறான்னு நெனச்சியா?"

"நேத்து நான் முழுசும் பாத்தேனே, புறாவே வரலியே?"

"நீ அடுப்புல பாலப் பாக்கப் போயிருப்ப, அப்போ வந்துட்டுப் போச்சு."

எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பாளுவ. அவளுவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். தெரியாதது முப்பிடாதிக்கு மட்டுந்தான்.

அவ அண்ணன் வீட்டுல இருக்கா. ஏழரைக்கு சீரியல் ஓடும்போது அண்ணன் பொண்டாட்டி டிவி முன்னால, இவ அடுப்படியில. கையில இருக்கது பட்டன் போனு. ஆக, பவழவல்லின்னா அவளுக்கு என் வாய்தான். அவ கேக்க மாதிரி ஒருத்தரும் கேக்க முடியாது தாயி. முத்துவேந்தன் பேரச் சொன்னா சுத்துற பீடி கையில பாதியில நிக்கும். ஓலை வந்துதுன்னா அவ மூஞ்சியில வெளக்கு வச்ச மாதிரி இருக்கும். அந்த மூஞ்சியப் பாத்தாத்தான் எனக்குக் கதையே வரும். என் மகன் ரெண்டு பேரும் திருப்பூர்ல. மாசத்துக்கு ஒருக்க போன் போட்டு 'சாப்பிட்டியா'ன்னு கேட்டுட்டு வச்சிருவானுவ. அது கெடக்கட்டும்.

அவளுக்கும் ஒரு புருஷன் உண்டு. தங்கமாரி. கட்டி பதினோரு மாசத்துல கப்பல்ல சமையல் வேலைன்னு தூத்துக்குடி ஏஜெண்டு ஒருத்தன் கூட்டிட்டுப் போனான். ஆறு மாசம் போன் வந்துது. பொறவு அதுவும் நின்னு போச்சு. ஏழு வருஷம் முடிஞ்சு எட்டு நடக்கு. தேடிப் போனா அந்த ஏஜெண்டையும் காணும். ஆளு இருக்கானா, செத்தானா, எந்த ஊர்லயாவது எவளையாவது கட்டிக்கிட்டானா, ஒருத்தருக்கும் தெரியாது.

இப்போ சிவஞானத்தச் சொல்லணும். பீடிக்கடையில செக்கிங் பாக்க ஆளு. நாம கொண்டு போற கட்டப் பிரிச்சு, கொஞ்சம் நெகிழ்ந்திருந்தாலும் பீடிய நசுக்கித் தூர எறிஞ்சிருவாரு. எமன். ஆனா முப்பிடாதி கட்டுல மட்டும் ஒண்ணு கூட நசுங்காது. "என்னய்யா சிவஞானம், அவ மட்டும் இரும்புலயா சுத்திட்டு வாரா?"ன்னு ஒரு நாளு அத்தனை பேரு முன்னாலயும் கேட்டுட்டேன். மனுஷனுக்குக் காது ரெண்டும் செவந்து போச்சு. பொண்டாட்டி செத்து அஞ்சு வருஷம் ஆச்சு. ஒரு மக, தெனமும் அப்பன்கூட பஸ்ஸுல வந்து எங்க ஊருலதான் எட்டாப்பு படிக்கா. பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னால அந்தப் புள்ள முப்பிடாதிகிட்ட வந்து தலை பின்னிக்கிட்டுப் போவும்.

அவரே வந்து அவ அண்ணன்கிட்ட முறையாப் பொண்ணு கேட்டாரு. அண்ணனுக்குச் சம்மதம். இவதான் பதில் சொல்லல. அம்மன் கோயிலுக்குப் போயிப் பூக்கட்டிப் பாத்தா. செவப்பு ஒரு பொட்டலம், வெள்ளை ஒரு பொட்டலம், ஒரு புள்ளைய விட்டு எடுக்கச் சொன்னா. வெள்ளை வந்துது, கட்டிக்கோன்னு அர்த்தம். சும்மா இருந்திருக்கலாம்லா? மறுவாரமும் போயிக் கட்டிப் பாத்தா. செவப்பு வந்துது.

"ஏட்டி, அம்மன்கிட்ட ரெண்டாந்தரம் எதுக்குட்டி கேட்ட?"

"முதத்தடவை சரியாத்தான் கேட்டேனான்னு சந்தேகமா இருந்துது அத்தை."

அப்படிப்பட்ட கூறு கெட்டவ.

பொறவு ஒரு நாளு இலை வெட்டிக்கிட்டு இருக்கும்போது கிட்ட வந்து சொன்னா. "அத்தை, பவழவல்லி முடியப் போவுதாம்லா. அவ புருஷன் திரும்பி வந்துட்டான்னா எங்க வீட்டு அவுகளும் வருவாக. வரலன்னா, அம்மன் சிவஞானத்தத்தான் காட்டுதான்னு எடுத்துக்கிடுதேன். யாருகிட்டயும் சொல்லல, உங்ககிட்டத்தான் சொல்லுதேன்."

"டிவியிலயாட்டி பூக்கட்டிப் பாக்க?"ன்னு சிரிச்சேன். அவளும் சிரிச்சா. வெளையாட்டுக்குச் சொல்லுதான்னுதான் நெனச்சேன். சத்தியமா. கொஞ்சம் மனசுல உறுத்திக்கிட்டுக் கெடந்துது, இல்லங்கல.

சிவஞானத்துக்கு வீடு பாவூர்சத்திரத்துல. கட்டிட்டுப் போனா இவளும் அங்கன போயிருவா. போவட்டும், எனக்கென்ன? பஸ்ஸுல அரை மணி நேரந்தான். காலையில அந்தச் சுவத்தடியில அவ இருக்க மாட்டா, அவ்வளவுதான். அது வேற விஷயம். நான் அதச் சொல்ல வரல.

கடைசி நாளுக்கு வருவோம். எங்க தெருப் பொம்பளையெல்லாம் என் வீட்டுல. முப்பிடாதி மட்டும் இல்ல, அன்னைக்குன்னு பாத்து அவ அண்ணன் மகனுக்குக் காய்ச்சல், ஆஸ்பத்திரியில துணைக்கு இருந்தா. எங்க கூட்டத்துப் பிரம்மு பொரிகடலை கொண்டு வந்தா. லூர்து கூட ஜெபக்கூட்டத்துக்குப் போகாம வந்துட்டா.

ஏழாவது கதவு தொறந்துது தாயி. நாலு வருஷமா நாங்க காத்துக்கிடந்த கதவு. உள்ள பாத்தா ஊஞ்சல். ஊஞ்சல்ல முத்துவேந்தன், பக்கத்துல அந்தக் காரிருளி, மடியில ரெண்டு புள்ளைய. முத்துவேந்தன் இவளப் பாத்து, "யாரம்மா நீ?"ங்கான். பவழவல்லி ஒரு சிரிப்புச் சிரிச்சா. அப்படியே பவழப் பாறையா மாறிட்டா. மேல ஒரு மீனு நீந்திப் போவுது, நன்றி வணக்கம்னு எழுத்துப் போட்டுட்டான். அடுத்த நிமிஷம், திங்கக்கிழமை முதல் பாட்டுப் போட்டி, காணத் தவறாதீர்கள்னு ஒருத்தன் குதிக்கான்.



பொறவு பிரம்மு ஆரம்பிச்சா. "நாலு வருஷமாக் கதவத் தொறந்தது இந்த ஊஞ்சலப் பாக்கவாக்கா?"

"ஆளே வேற! மூக்கப் பாத்தியா? அவனுக்கு இந்த மூக்கா இருந்துது?"

"புள்ளைய ரெண்டும் எப்போ பெத்துது? நாலாவது கதவுலயா, அஞ்சாவது கதவுலயா?"

"கைய நீட்டி ஒரு அறை அறையாமச் சிரிச்சிட்டுப் பாறையாப் போறாளே, மானங்கெட்ட மூதி!"

லூர்து மட்டும், "உள்ளதத்தான காட்டிருக்கான்"ன்னா. அவள எல்லாரும் சேந்து வைஞ்சோம். பிரம்மு ரிமோட்டத் தூக்கி எறிஞ்சா, பேட்டரி ஒண்ணு கட்டிலுக்கு அடியில உருண்டு போச்சு. அழுதவளும் உண்டு. அழாம இருக்க முடியுமா, சொல்லு? நீங்க அங்கன ஏசி ரூமுல உக்காந்து, நாளைக்கு வேற ப்ரோக்ராம் போடணும்னு அரை மணி நேரத்துல ஒரு பொம்பளையப் பாறையாக்கிட்டு வீட்டுக்குப் போயிருவீக. நாங்க அத வச்சுக்கிட்டு மறுநாளு என்ன செய்ய?

மறுநாளு விடிஞ்சுது. நான் தட்ட எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாலயே முப்பிடாதி சுவத்தடியில உக்காந்திருக்கா. ஆஸ்பத்திரியில இருந்து நேரா வந்திருக்கா. மடியில தட்டு இருக்கு, தட்டுல இலை இல்ல, தூள் இல்ல. வெறும் தட்டு. என்னையே பாக்கா.

நெசத்தச் சொல்லத்தான் தாயி நான் வாயத் தொறந்தேன். "ஏழாவது கதவு தொறந்துது"ன்னேன். அதுவரைக்கும் நெசந்தான்.

பொறவு அந்த மூஞ்சியப் பாத்தேன். என் வாயி அந்த ஊஞ்சலச் சொல்லல. "தொறந்ததும் கடலு அப்படியே ரெண்டாப் பிரிஞ்சுது. பௌர்ணமி. கரை பூரா வெள்ளை மணலு. அந்த மணல்ல ஒருத்தன் நடந்து வாரான். தலையெல்லாம் உப்புப் பூத்து நரை மாதிரி இருக்கு. பவழவல்லிக்கு அவன அடையாளந் தெரியல. அவனுக்கும் இவளத் தெரியல. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் தாண்டிப் போயிட்டாவ. போனவன் திரும்பி வந்து இவ கையப் பிடிச்சான். வெரலத் தொட்டுப் பாத்தான். கதவத் தொறந்து தொறந்து காச்சுப் போன வெரலு. 'இத்தனை காச்சது எனக்காகவா?'ன்னு கேட்டான்."

அதச் சொன்னதும் எல்லாருமே அவங்கவங்க வெரலக் குனிஞ்சு பாத்தாளுவ. பீடி சுத்துற கை எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியாது. முந்தின நாளு ரிமோட்ட எறிஞ்ச பிரம்முவே முந்தானைய வாயில வச்சுக்கிட்டு அழுதா. "இதான்க்கா முடிவு, அந்தப் பயலுக்குத் தெரியல"ன்னு என் காதுக்குள்ள சொன்னா. நாப்பது வருஷமாக் கதை சொல்லுதேன், அன்னைக்குச் சொன்ன மாதிரி ஒரு நாளும் சொன்னதில்ல. என் தட்டுல கட்டு நெறஞ்சு வழிஞ்சுது.

முப்பிடாதி எந்திரிச்சா. குழாயடியில மூஞ்சியக் கழுவுனா. "சரி அத்தை"ன்னா. நேரா வீட்டுக்குப் போயி அண்ணன்கிட்ட, சிவஞானத்துக்கு முடியாதுன்னு சொல்லிருங்கன்னுட்டா.

பாத்தியா உங்க சீரியல் பண்ணுன வேலைய? நீங்க மொதல்லயே அவன ஒழுங்காக் கொண்டு வந்திருந்தா நான் இடையில புகுந்திருக்கவே வேண்டாமே. என்ன, அப்பவும் அவ காத்துத்தான் இருப்பாளா? ஆமா... அப்பவும் முடியாதுன்னுதான் சொல்லிருப்பா. ஆனா அது உங்க கதையால வந்ததா இருக்கும்லா? இப்போ எல்லாரும் என்னையல்லா பாக்காவ.

லூர்து போயி அவகிட்டச் சொல்லிட்டா. டிவியில வேற முடிவு, அக்கா கட்டுன கதை இதுன்னு. முப்பிடாதி எங்கிட்ட வந்து, "அத்தை, லூர்து மதினி இப்படிச் சொல்லுதாவளே?"ன்னா. என்னத்தச் சொல்ல? "அவ பாதியிலயே ஜெபக்கூட்டத்துக்கு எந்திரிச்சுப் போயிட்டா, கடைசியப் பாக்கல"ன்னேன். நம்பிட்டா. லூர்து இப்போ எங்களோட உக்காருறதில்ல. வேற தெருவுல போயி உக்காந்து சுத்துதா. "யக்கா, நீ செய்யது பாவம்"ன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்லிட்டுப் போனா. பொறாமை. அவ கதை சொன்னா நாயி கூட நின்னு கேக்காது.

ஸ்ரீவைகுண்டம் தாண்டியாச்சா? சரி.

அதுல இருந்து ஒவ்வொரு பௌர்ணமிக்கும் திருச்செந்தூரு. இது நாலாவது. பௌர்ணமிக்கு அங்கன கடக்கரை பூரா சனம் படுத்துக் கெடக்கும், பாத்திருப்ப. எல்லாரும் சாமியக் கும்பிட வருவாவ. இவ கூட்டத்துக்குள்ள போயி ஆம்பளையளோட தலையப் பாத்துக்கிட்டே நடப்பா. நரைச்ச தலை கண்டா நின்னு பாப்பா. சிலபேரு மொறைப்பானுவ. ஒருத்தன் போன தடவை, "என்னம்மா வேணும்?"ன்னு கேட்டான். "ஒண்ணுமில்லண்ணே, தெரிஞ்சவுக மாதிரி இருந்துது"ன்னா. தனியா விட முடியுமா? அதான் நானும் கூடவே வாரேன். பொறவு மணல்ல உக்காந்து விடிய விடியக் கதை. அவளும் நானும் மட்டும்.

போன வாரம் சிவஞானம் என் வீட்டு வாசல்ல வந்து நின்னாரு. உள்ள வரச் சொன்னேன், வரல. "அக்கா, அம்பையில பொண்ணு பாத்திருக்காவ. வாற வெள்ளிக்கிழமை நிச்சயம். எனக்கு இஷ்டமில்ல. அதுக்குள்ள முப்பிடாதி ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நிறுத்திருவேன். நீங்க சொன்னா அவ கேப்பா"ன்னாரு. எமன் மாதிரி பீடிய நசுக்குன மனுஷன், குனிஞ்சு என் வீட்டுப் படிய எண்ணிக்கிட்டு நிக்காரு. அந்தப் புள்ள வேற கோண வகிடும் கோண சடையுமாப் பள்ளிக்கூடம் போவுது, பாக்கச் சகிக்கல.

நான் என்ன சொன்னேனா? "டீ குடிக்கியளா"ன்னேன். வேற என்னத்தச் சொல்ல? டிவிக்காரன் செஞ்ச வேலைக்கு நானா பொறுப்பு?

ஆமா, இன்னைக்குப் புதன். வெள்ளிக்கிழமைக்கு இன்னும் ரெண்டு நாளு கெடக்கு.

என்ன சொன்ன? நீ போயிச் சொல்லுதியா? இப்பவா? டிவிக்காரி சொன்னா நம்புவாளா?

நம்புவா. நீ சொன்னா நம்பிருவா... உக்காரு. உக்காரு தாயி, பஸ்ஸு ஓடுதுல்லா, விழுந்துருவ. கையப் பிடிச்சதுக்குக் கோவிக்காத. உன்னத் தேடுனேன்னு சொன்னேன், அது உங்க ஆபீசுல போயிக் கேக்கதுக்கு. இவகிட்டப் பேசதுக்கா சொன்னேன்? பௌர்ணமியும் அதுவுமா, தலைக்குக் குளிச்சு, பூ வச்சு வாரவகிட்டயா போயி அந்த ஊஞ்சலச் சொல்லுவ? நாளைக்கு நானே சொல்லிக்கிடுதேன். பஸ்ஸுல திரும்பும்போது சொல்லிருதேன். இல்லன்னா வெள்ளிக்கிழமை காலையில. நிச்சயம் பத்தரைக்குத்தான். ஏன் அப்படிப் பாக்க? போன தடவையும் சொல்லணும்னுதான் நெனச்சேன். அவ தூங்கிட்டா.

இந்தா, திரும்புதா. சிரி, சிரி. "ஒண்ணுமில்லட்டி, இந்தப் பொண்ணு நம்ம சாதி சனமான்னு விசாரிச்சுக்கிட்டு இருக்கேன்! தண்ணி எங்கிட்டயே இருக்கு, நீ உக்காரு!"

பாத்தியா அந்த மூஞ்சிய? இத எப்படித் தாயி...

சரி, அத விடு. உனக்குத் தெரிஞ்ச ஒண்ணு கேக்கேன். இன்னைக்கு மணல்ல உக்காந்ததும், "பொறவு என்ன ஆச்சு அத்தை?"ன்னு கேப்பா. முத்துவேந்தன் கரைக்கு வந்து மூணு பௌர்ணமி ஆச்சு. முதல் தடவை அவனுக்கு மனுஷப் பேச்சு மறந்து போச்சுன்னு ஓட்டுனேன். அடுத்தாப்புல, மணலத் தாண்டிக் கால வச்சா கால் பொசுங்கும்னு ஒரு சாபத்தப் போட்டேன். போன தடவை சாபமும் தீந்துட்டு. இனிமே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டான்னா கதை முடிஞ்சிரும். முடிஞ்சா அவ அடுத்த பௌர்ணமிக்கு எதுக்கு வாரா? நீங்க நாலு வருஷம் ஓட்டுனவுக, உங்களுக்கு வழி தெரியும். கரைக்கு வந்து சேந்த ஒருத்தன, எதச் சொல்லி இன்னும் கொஞ்ச நாளைக்கு அங்கனயே நிறுத்தி வைக்க? யோசிச்சுச் சொல்லு தாயி. சீக்கிரம் சொல்லு, கோபுரம் தெரிய ஆரம்பிச்சிட்டு.